குழிக்காரருக்கு முதல் கூலி

கபுண்டி ஊர்
14 செப்டம்பர் 1959, திங்கள்

என் இல்லத்தின் தலைவரும் மும்பியின் தந்தையுமான யோசுவா கசூபா அவர்களுக்கு, முவாபா முழந்தாளிட்டுக் கைதட்டி வணங்கி எழுதுவது.

அனைவரும் நலம் என்று தொடங்குவது மடல்களின் வழக்கம். இம்முறை அவ்வழக்கத்தைப் பாதியளவே காப்பாற்ற இயலுகிறது. நானும் மும்பியும் நலம். உங்கள் அம்மாவைப் பற்றிக் கீழே எழுதுகிறேன்.

உங்களுக்கு முன்பாக இதைப் படிக்கப்போகும் தணிக்கை அலுவலருக்கும் என் வணக்கம். சென்ற மடலில் நான்கு வரிகளை அவர் மையால் மறைத்துவிட்டதாக எழுதியிருந்தீர்கள். அவ்வரிகளில் இருந்தது கேழ்வரகு விளைச்சல் மட்டுமே என்று அவருக்கு உறுதி கூறுகிறேன். எலிகள் தின்றது போக மூன்று குதிர் தேறியது. இதையாவது மறைக்காமல் விடுவாராக.

உங்கள் இடத்தில் இவ்வாண்டு என் தம்பி காபாசா கிளை வெட்ட மரமேறினான். நீங்கள் ஏறும் உயரத்திற்கு அவனால் ஏற முடியவில்லை என்று ஊரார் சிரித்தார்கள். ஆனாலும் இரண்டு தோட்டங்களுக்குப் போதுமான கிளைகள் வெட்டுண்டு காய்கின்றன. ஊர்த் தலைவர் சொல் அனுப்பியதும், சாம்பலில் விதைப்பதற்காகத் தீயிடுவோம். மும்பிக்கு முன்பற்கள் இரண்டு விழுந்துவிட்டன. உன் அப்பாவுக்கு என்ன வேலை என்று பள்ளி ஆசிரியர் கேட்டதற்கு, வெளியூரில் உட்கார்ந்திருப்பது என்று விடை சொல்லியிருக்கிறாள். ஆசிரியர் அதைத் தவறென்று திருத்தவில்லை.

உங்கள் கையில் விலங்கு பூட்டிய காவலர் செபதேயு ஜெரே, சனிக்கிழமைதோறும் நம் வீட்டுக்கு வருகிறார். தடை செய்யப்பட்ட கட்சியின் கூட்டம் இங்கே நடக்கிறதா என்று பார்ப்பது அவருக்கு இடப்பட்ட பணி. நம்மை வைவதோ அவர் பிறப்பால் பெற்ற உரிமை. அவருடைய இங்கோனி இனப் பாட்டன்மாரும் நம் பெம்பா இனப் பாட்டன்மாரும் ஒருவர்மேல் ஒருவர் ஈட்டி எறிந்தார்கள். எறிவதற்கு ஈட்டி இல்லாத பேரப்பிள்ளைகள் நாம், யாரும் சினம் கொள்ளக்கூடாது என்ற கேலிமுறைப்படி, சொல்லை எறிகிறோம். சென்ற சனிக்கிழமை வேலிக்கு அப்பால் நின்றுகொண்டு, “ஏய் குரங்கு தின்னி! உன் வீட்டுக்காரன் எங்க? இன்னும் மரத்த விட்டு எறங்கலையா?” என்றார். “எலிப் பொந்து அந்தப் பக்கம் இருக்கு, எலி தின்னி! வழி தவறி வந்துட்டியா?” என்றேன். உள்ளே படுத்திருந்த அம்மா அதைக் கேட்டுச் சிரித்தார். பதினைந்து நாள்களில் அவர் சிரித்தது அப்பொழுதுதான். ஜெரே அச்சிரிப்பைக் கேட்டுவிட்டு, மேலும் கால்மணி நேரம் நின்று வைதுவிட்டுப் போனார். போன பிறகு பார்த்தால், வேலிக் கம்பில் ஒரு கட்டுக் கருவாடு தொங்கியது.

இனி அம்மாவைப் பற்றி. வயிறு வீங்கிக் கால்கள் மெலிந்துவிட்டன. கஞ்சித் தெளிவைத் தவிர வேறெதுவும் இறங்கவில்லை. திருச்சபை மருத்துவமனைச் செவிலி வந்து பார்த்தார். முதல் மழையைக் காண்பாரா என்று கேட்டேன். என் தோளைத் தொட்டுவிட்டுப் பையை மூடினார்.

மறுநாள் வெள்ளைக்கார மாவட்ட அதிகாரி தம் வண்டியில் வந்தார். முக்காலியில் அமர்ந்தார், அம்மாவின் நலம் கேட்டார், தொப்பியைக் கையில் வைத்துச் சுழற்றினார். கட்சியைத் துறந்துவிட்டேன், நான் பேசியவை அனைத்தும் தவறு, மக்கள் இனி அரசுக்குப் பணிந்து நடக்க வேண்டும் என்று அச்சிட்ட தாளில் நீங்கள் ஒப்பமிட்டால் போதுமாம். அத்தாள் அவர் கைக்கு வந்த மறுநாளே சிறு வானூர்தியில் உங்களை இங்கே கொண்டுவந்து இறக்குவாராம். தாளை ஒலிபெருக்கி வைத்து ஊர் ஊராகப் படிப்பார்களாம். இதை அவர் மறைக்கவில்லை. மறைக்காததற்காக அவருக்கு நன்றி சொன்னேன்.

வாருங்கள் என்று எழுத என் கை துடிக்கிறது. ஒப்பமிடுங்கள் என்று எழுத அதே கை மறுக்கிறது. ஆகவே இரண்டையும் எழுதாமல் இம்மடலை முடிக்கிறேன். அம்மா உங்களைக் கேட்கிறார் என்பதை மட்டும் எழுதாமலிருக்க எனக்கு உரிமையில்லை.

உங்கள் மூச்சிரைப்புக்கு இங்கே நாம் காய்ச்சும் வேர் அங்கே கிடைக்கிறதா? கிடைக்காவிடில் எழுதுங்கள்.

உங்கள் முவாபா

*

கபோம்போ ஆற்றங்கரை
29 செப்டம்பர் 1959

மும்பியின் அம்மாவுக்கு, என் முவாபாவுக்கு,

இம்மடல் தணிக்கையின் வழியே வரவில்லை. கருவாட்டு லாரி ஓட்டுநர் ஒருவரின் இருக்கைக்கு அடியில், மீன் நாற்றத்தோடு வருகிறது. ஓட்டுநருக்கு உணவளித்து அனுப்பு.

என்னை ஒதுக்கி வைத்திருக்கும் இவ்வூரில் என்னோடு பேசுவோர் எவருமில்லை. பேசக்கூடாது என்று ஊராருக்கு ஆணையிட்டிருக்கிறார்கள். கடைக்காரர் உப்பைப் பலகைமேல் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். பதினாயிரம் பேரை எழுந்து நிற்க வைத்த இக்குரல், காலையில் ஆற்றைப் பார்த்து இரண்டு சொல் பேசுகிறது, துருப்பிடித்துவிடக்கூடாதே என்பதற்காக. ஆறு கைதட்டுவதில்லை.

நம் ஊர்ப் பந்தாட்டத் திடலில் நான் முழங்கியது உனக்கு நினைவிருக்கும். “அவர்கள் உங்கள் ஒப்பத்தைக் கேட்டால், கையை வெட்டிக் கொடுங்கள், ஒப்பத்தைக் கொடாதீர்கள்!” என்றேன். திடலே அதிர்ந்தது. அச்சொல்லை நம்பிப் பதினேழு பேர் சிறைக்குச் சென்றார்கள். அவர்கள் கல் உடைக்கிறார்கள். அன்று முன்வரிசையில் அம்மா இருந்தார். நான் பேசிய எந்தக் கூட்டத்திலும் அவர் என் பேச்சைக் கேட்டதில்லை. என் சட்டைப் பொத்தான்கள் சரியாக இருக்கின்றனவா என்பதையே பார்த்துக்கொண்டிருப்பார். விடுதலையைப் பற்றி நான் இடிபோல் முழங்கும்பொழுது, மேல்பொத்தானைப் போடு என்று சைகை காட்டுவார். நானும் போட்டுக்கொண்டு முழங்குவேன்.

விலங்கு பூட்டிய நாளில் ஜெரே என்ன சொன்னார் தெரியுமா? “எங்க பாட்டன் அறுபது வருசமா காத்திருந்த நாளுடா இது” என்றார். “எலிப்பொறிய எடுத்தாந்துட்டியா? மூடி சரியா விழுதான்னு பாத்துக்க” என்றேன். இருவரும் சிரித்தோம். லாரியில் ஏறியதும் குளிருகிறதென்று தம் மேலங்கியைக் கழற்றி என்மேல் போட்டார். அது இன்னும் என்னிடம் இருக்கிறது.

சுற்றி வளைக்கிறேன். மேடையிலும் இதே பழக்கம்தான் என்று நீ சொல்வாய். இனி நேரே சொல்கிறேன்.

இன்று காலை அத்தாளில் ஒப்பமிட்டுவிட்டேன்.

எழுதி முடித்த கைக்கு, அதைக் கொண்டுவந்து தந்த இங்குள்ள அதிகாரியிடமே திரும்ப நீட்டும் துணிவு இல்லை. நாள் வேண்டும் என்று அவரிடம் சொல்லிவிட்டு, இம்மடலோடு உனக்கு அனுப்புகிறேன். நீ அதை நம் மாவட்ட அதிகாரியிடம் கொடுத்தால் வருவேன். அம்மாவின் கையைப் பிடித்துக்கொள்வேன். அதன்பின் திடலைக் கடக்கும்பொழுது தலை குனிந்து கடப்பேன். கொடுக்காவிட்டால், ஏன் கொடுக்கவில்லை என்று என் வாழ்நாளில் உன்னைக் கேட்கமாட்டேன்.

உன் அருகே அமர்ந்து இதைச் சொல்ல முடியாமல் போயிற்றே. என் பெண்ணே, அம்மாவின் தலைமுடியை வாரிவிடு. சிக்கல் இருந்தால் அவருக்குப் பிடிக்காது.

யோசுவா

*

கபுண்டி ஊர்
18 அக்டோபர் 1959, ஞாயிறு

என் உயிரினும் இனியவருக்கு, முவாபா முழந்தாளிட்டு எழுதுவது.

அம்மா போய்விட்டார். தந்தியில் அறிந்திருப்பீர்கள். தந்தியில் நான்கு சொற்களுக்கு மேல் இடமில்லை, ஆகவே இம்மடல். இதுவும் தணிக்கையின் வழியே வரவில்லை. யார் கையில் வருகிறதென்பதை இறுதியில் சொல்கிறேன்.

ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். பின்னர் எழுதத் துணிவு போய்விடும். உங்கள் மடலும் தாளும் இம்மாதம் ஆறாம் தேதி, செவ்வாய்க்கிழமை என் கைக்கு வந்தன. அம்மா மறைந்தது வியாழன் விடியலில். இரண்டு நாள்கள் அத்தாள் என் இடுப்புத் துணியின் முடிச்சிலேயே இருந்தது. அன்றே கொடுத்திருந்தால் அவரை உயிரோடு கண்டிருப்பீர்கள்.

புதன்கிழமை காலை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். மாவட்ட அலுவலகம் எட்டு மைல். ஐந்தாம் மைலில் ஓடையைக் கடக்கும் இடத்தில் சிறை சென்ற பதினேழு பேரில் இருவருடைய மனைவியர், தலையில் மாவுக்கூடையோடு எதிரே வந்தார்கள். எங்கே போகிறீர்கள் என்று கேட்டேன். “உங்க வீட்டுக்குத்தான் அக்கா. அம்மாவுக்குக் கஞ்சி மாவு” என்றார்கள். “நீங்க எங்க போறீங்க?” என்று கேட்டார்கள். எங்கும் இல்லை என்றேன். அவர்களோடு திரும்பி நடந்தேன். மாவுக்கூடையைச் சிறிது தொலைவு நானும் சுமந்தேன்.

ஏன் கொடுக்கவில்லை என்று கேட்கமாட்டேன் என எழுதியிருந்தீர்கள். கேளாதவருக்குத்தானே விடை சொல்லியாக வேண்டியிருக்கிறது! பெண்கள் தலையில் சுமப்பது இந்நாட்டு வழக்கம்தான். விறகு சுமந்தோம், தண்ணீர் சுமந்தோம். நீங்கள் ஒப்பமிட்ட தாளையும் என் தலையில் ஏற்றிவிட்டு ஆற்றங்கரையில் அமர்ந்துகொண்டீர்களே, அது நியாயமா? இந்தச் சினத்தை இங்கேயே எழுதித் தீர்த்துவிடுகிறேன். தீர்ந்தது.

அம்மா உங்களை மூன்று முறை கேட்டார். நான் மறைக்கமாட்டேன். முதல் இரண்டு முறை, ஓடையில் தண்ணீர் வருகிறதா என்று கேட்பதுபோல் கேட்டார். மூன்றாம் முறை கேட்டது புதன் மாலை. நான் தலை வாரிக்கொண்டிருந்தேன். “எம்மவன் வரானா?” என்றார். “வந்துக்கிட்டே இருக்காரும்மா” என்று பொய் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்: “மெதுவா வரச் சொல்லு. ஓடி வந்தான்னா அவனுக்கு மூச்சு வாங்கும்.” அதற்குப்பின் அவர் பேசவில்லை. முடியில் சிக்கல் இல்லை.

வெள்ளிக்கிழமை அடக்கம். உயிரோடு காண விடாமல் செய்துவிட்டேன், முகத்தையாவது காணட்டும் என்று முடிவு செய்தேன். இம்முறை தடுமாறவில்லை. தாள் கைக்கு வந்தால் அடக்கத்தை ஒரு நாள் தள்ளிவைக்கலாம் என்று அதிகாரியே சொல்லி அனுப்பியிருந்தார். அவர் அடக்கத்திற்கும் வந்திருந்தார். ஐம்பது பேருக்குமேல் கூடக்கூடாது, பாட்டும் பேச்சும் கூடாது என்பது ஆணை. அவர் எண்ணிப் பார்த்தபொழுது நானூறு பேருக்குமேல் இருந்தார்கள். என் மாமா முன்னால் போய், “அம்பது பேர்தான் துரை துக்கத்துக்கு வந்திருக்கோம். மத்தவங்கெல்லாம் எங்களுக்குத் துணைக்கு வந்தவங்க” என்றார். மொழிபெயர்க்கும் எழுத்தர் இதை எப்படி மொழிபெயர்த்தாரோ, அதிகாரி எண்ணுவதை நிறுத்திக்கொண்டார்.

ஆணையைக் காக்க ஜெரேயும் வந்திருந்தார். முழுச் சீருடை, பளபளக்கும் பொத்தான்கள். குழி வெட்டி முடிந்ததும் தொப்பியைக் கழற்றி ஒரு பையன் தலையில் வைத்துவிட்டு, சீருடையோடு குழிக்குள் குதித்தார். நீட்டிப் படுத்துக்கொண்டார். உங்கள் வீட்டுச் சாவுக்கு நம் ஊரில் அவர் ஒருவர்தானே கேலிமுறைக்காரர்! குழிக்குரிய கூலி வாங்காமல் எழ அவருக்கும் உரிமையில்லை. கேட்டதைக் கொடுக்காமல் மறுக்க நமக்கும் உரிமையில்லை.

“அடடா, எடம் குளுகுளுன்னு இருக்கு! கெழவிக்கு எதுக்கு? நானே இருந்துக்கறேன்” என்றார். “எங்க பாட்டனப் பாத்து ஓடுன கூட்டம்தானே நீங்க! செத்த அன்னிக்காவது ஓடாம படுத்திருக்காளே, பரவால்ல!” என்றார். அழுதுகொண்டிருந்த பெண்கள் சிரிக்கத் தொடங்கினார்கள். ஒருத்தி, “எந்திரி எலி தின்னி, ரெண்டு எலி புடிச்சுச் சுட்டுத் தரேன்” என்றாள். கோழி கொடுத்தார்கள், வேண்டாம் என்றார். துணி கொடுத்தார்கள், “குரங்கு நாத்தம் அடிக்குது” என்று வீசிவிட்டார். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

அந்தச் சிரிப்பினிடையே நான் அதிகாரியை நோக்கி நடந்தேன். முடிச்சை அவிழ்த்துத் தாளைக் கையில் எடுத்துவிட்டேன். மேலே அரசு முத்திரை. அவர் பார்த்துவிட்டார், கையை நீட்டினார். எங்களுக்கிடையே ஐந்தடிதான் இருந்தது.

குழிக்குள்ளிருந்து குரல் வந்தது. “ஏய் மருமக! குரங்கு தின்னி! துரைக்கு என்னத்தத் தூக்கிட்டுப் போற? குழிக்காரனுக்குத்தான் மொத கூலி! கொண்டா இங்க!”

நான் திரும்பினேன். கேளாமல் நடந்திருக்கலாம், காதில் விழவில்லை என்று பின்னர் சொல்லியிருக்கலாம். என் கால் ஏன் திரும்பியது என்று என்னை நானே ஒன்பது நாள்களாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். வழக்கம் திருப்பியது என்று ஊரார் சொல்கிறார்கள். அவர்கள் அப்படியே நினைக்கட்டும். குழியோரம் முழந்தாளிட்டு இரு கைகளாலும் தாளை அவரிடம் கொடுத்தேன்.

அவர் விரித்தார். அவர் ஆறாம் வகுப்புவரை படித்தவர். ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவர். இரண்டு மூச்சு நேரம் பார்த்தார். பின் சட்டைப் பையிலிருந்து புகையிலையை எடுத்துத் தாளில் கொட்டினார். எழுத்துப் பக்கம் உள்ளே போகும்படி சுருட்டினார். சுண்டுவிரல் பருமனுக்குச் சுருட்டுவதே வழக்கம். இது பந்தம்போல் இருந்தது. “நெருப்பு!” என்றார். சாவு வீட்டு அடுப்பிலிருந்து கொள்ளி வந்தது.

அதிகாரி கத்திக்கொண்டு முன்னால் வந்தார். எழுத்தர் அவர் குறுக்கே நின்று, “துரை, துரை, இதுக்குக் கோவப்படக் கூடாது. கோவப்பட்டா நீங்கதான் ஆடு குடுக்கணும்” என்றார். அதை அவர் நம் மொழியிலேயே சொல்லிவிட்டார். பிறகுதான் நினைவு வந்து ஆங்கிலத்தில் சொன்னார். அதற்குள் பாதித்தாள் புகையாகிவிட்டது. நானூறு பேரும் பார்த்திருக்க, குழிக்குள் மல்லாந்து கிடந்து ஜெரே அதை முழுவதும் புகைத்தார். இருமினார், கண்களில் நீர் வழிந்தது. “த்தூ! என்ன கசப்பு! இந்த வீட்டுத் தாளு இப்படியா கசக்கும்!” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அது என்ன தாள் என்று அங்கே அறிந்தவர்கள் மூவரே. ஒருவர் சினந்தார், ஒருவர் இருமினார், ஒருத்தி அழுதாள்.

பின் எழுந்தார். மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டார். அம்மாவை இறக்கும்பொழுது தலைப்பக்கத்தை அவரே தாங்கினார். கீழே வைத்துவிட்டு, எனக்கு மட்டும் கேட்கும்படி, “போய்ட்டு வாங்கம்மா” என்றார். அன்று அவர் சொன்னவற்றில் வைதல் அல்லாத சொல் அது ஒன்றுதான்.

அந்தத் தாள் என்ன என்று, தெரிந்துகொண்டே, அதிகாரி அவரைப் பிற்பாடு அலுவலகத்தில் நிறுத்திக் கேட்டிருக்கிறார். விறைப்பாக நின்று வணக்கம் வைத்து, “புகையிலைத் தாள் ஐயா!” என்றிருக்கிறார். வழக்கப்படி நடந்ததற்குத் தண்டிக்க இயலாது. ஆகவே நாட்டின் கடைக்கோடிக்கு இடமாற்றம் செய்துவிட்டார்கள். கடைக்கோடி எது என்று ஜெரேயைக் கேட்டேன். கபோம்போ என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அவர், “இந்தக் குரங்குக் கூட்டத்துக்கிட்ட இருந்து தப்பிச்சோம்னு பாத்தா, அங்கயும் ஒண்ணு உக்காந்திருக்கு” என்றார்.

இம்மடலை உங்கள் கையில் கொடுப்பவர் அவரே. தாளில் என்ன இருந்தது என்று அவர் என்னிடம் கேட்கவில்லை; நானும் சொல்லவில்லை. நீங்களும் சொல்ல வேண்டாம். முதலில் வைவார். துருப்பிடிக்காத குரலில் நன்றாகத் திருப்பி வையுங்கள். ஊரார் பேசாத இடத்தில் வைவதற்கு ஒருவர் கிடைத்திருக்கிறாரே என்று என் மனம் சற்று ஆறுகிறது. அவருடைய மேலங்கியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அவர்மேல் நீங்கள் சினம் கொள்ள முறையில்லை. ஆகவே உங்கள் சினம் முழுவதையும் எனக்கு அனுப்புங்கள். தாய் முகம் காணவிடாத மனைவி என்று ஒருமுறை எழுதிவிடுங்கள். எழுதாமல் ஆற்றங்கரையில் வைத்துக்கொண்டிருக்காதீர்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியாது.

அவருடைய புகையிலைப் பையில் புகையிலை இல்லை. அம்மாவின் குழிமண் ஒரு பிடி இருக்கிறது. அவர் நீட்டும்பொழுது இரு கைகளாலும் வாங்குங்கள். மேல்பொத்தானைப் போட்டுக்கொண்டு வாங்குங்கள்.

கிளைகளுக்கு நேற்றுத் தீயிட்டோம். சாம்பல் நன்றாகப் படிந்திருக்கிறது. மழை வந்ததும் விதைப்போம். பதினேழு பேரும் வர வேண்டும், நீங்களும் வர வேண்டும். திடலின் நடுவே தலை நிமிர்ந்து நடந்து வர வேண்டும். ஓடி வராதீர்கள், மூச்சு வாங்கும். அம்மா சொன்னபடி மெதுவாகவே வாருங்கள். ஆனால் வாருங்கள்.

உங்கள் முவாபா